துண்டு பேப்பர்ல வாழ்த்து அட்டை பண்ண நாலு வழி: உங்க வீட்ல பை நிறைய மீந்த பேப்பருக்கு எது சரிப்படும்?

அரைப்பரீட்சை நெருங்கினா போதும், எங்க வேலூர்ல காட்பாடி சத்துவாச்சாரி பக்கம் தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. பசங்க ப்ராஜெக்ட் பண்ணி மீந்த சார்ட், கலர் பேப்பர், க்ளேஸ் பேப்பர், போன கல்யாணத்துல வந்த பத்திரிகை எல்லாம் ஒரு பை நிறைய கெடக்குது, தூக்கிப் போட மனசு வரல, கிறிஸ்துமஸ் நியூ இயர் பொங்கலுக்கு இதுலயே அட்டை பண்ணிடலாம்னு உக்காந்தா ஒரு வீடியோல பேப்பரை ஒல்லியா வெட்டி சுருட்டி ஒட்டற க்வில்லிங் பண்றாங்க, இன்னொண்ணுல பேப்பரை அரைச்சு புது பேப்பரே பண்றாங்க, எதுல எறங்குறதுன்னு தெரியலக்கா அப்படின்னு. அதனால நாலு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதிடறேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். மீந்த பேப்பரை தீக்கணும்னு கடைக்குப் போயி உருவம் வெட்டற பஞ்ச், சுருட்டறதுக்கு ஸ்ட்ரிப் பாக்கெட், க்ளிட்டர் க்ளூ, முத்து ஸ்டிக்கர்னு வாங்க ஆரம்பிச்சீங்கன்னா, கடைசியில பழைய பை அப்படியே இருக்கும், புதுசா இன்னொரு பை சேந்திருக்கும். நாலு வழியையும் நான் முதல்ல இந்தக் கண்ணோடதான் பாக்குறேன்.

எதை வச்சு முடிவு பண்றது

மொதல்ல பையைத் தரையில கொட்டி மூணா பிரிங்க. உள்ளங்கையை விட பெருசா இருக்கறது ஒரு குவியல், விரல் அகலத்துக்கு நீளமா ஓரம் வெட்டின துண்டு ஒரு குவியல், மீதி நகம் சைஸ் பொடி எல்லாம் ஒரு குவியல். எந்தக் குவியல் பெருசோ அதுதான் பாதி முடிவை எடுத்துடும். நிறைய பேரு டிசைனை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் பேப்பரைத் தேடுறாங்க, அங்கதான் கடைக்கு ஓட வேண்டியதா போயிடுது.

அடுத்தது கனம். இதை ஜிஎஸ்எம்னு சொல்லுவாங்க, அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்னு. நாம ஜெராக்ஸ் எடுக்கற ஏ4 தாள் 70லேருந்து 80 ஜிஎஸ்எம், அட்டைக்கு அடித்தளமா மடிக்கறதுக்கு 200லேருந்து 300 ஜிஎஸ்எம் வேணும். கையில ஜிஎஸ்எம் பாக்க மெஷின் எல்லாம் வேணாம், தாளை ஒரு ஓரத்துல பிடிச்சு நிமித்துனா தொங்கிப் போச்சுன்னா மேல ஒட்டறதுக்கு, நிமிந்து நின்னா அடித்தளத்துக்கு. கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் வெறுமையா கனமா இருந்தா அதுவே நல்ல அடித்தளம், காசு குடுத்து ஐவரி அட்டை வாங்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

அப்புறம் எத்தனை அட்டை வேணும், யாரு உக்காந்து செய்யப் போறாங்க, கையில குடுக்கப் போறீங்களா தபால்ல போடப் போறீங்களா, எந்த மாசம் செய்யறீங்க. இந்தக் கடைசி கேள்வியை யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க, ஆனா வேலூர்ல அது பெரிய விஷயம், கீழ வரேன்.

தபால் கணக்கையும் இப்பவே பாத்துடலாம். சாதா தபால்ல 20 கிராம் வரைக்கும்தான் முதல் படி, தாண்டினா கூட ஸ்டாம்ப் ஒட்டணும். ஏ4 தாளை அப்படியே ரெண்டா மடிச்சு 250 ஜிஎஸ்எம்ல பெரிய அட்டையா பண்ணா அட்டை மட்டுமே 15 கிராமுக்கு மேல போயிடும், அதுக்கேத்த பெரிய கவர் சேந்தா 20 தாண்டிடும். அதே அட்டையை முதல்ல பாதியா வெட்டிட்டு மடிச்சீங்கன்னா 8 கிராம் கூட வராது. ஏ4 ஜெராக்ஸ் தாள்ல மடிச்ச கவர் அதிகபட்சம் 5 கிராம், உள்ள எழுத ஒரு மெல்லிசு தாள் ரெண்டரை கிராம், மேல ஒட்டின துண்டு ஒரு மூணு கிராம், மொத்தம் 18 சொச்சத்துல முடிஞ்சுடும். அதனால தபால்னா அரை ஏ4 அட்டைதான், யோசிக்கவே வேணாம்.

1. துண்டு ஒட்டற வழி

இது யாருக்கு: நீளத் துண்டு குவியல் பெருசா இருக்கறவங்களுக்கு, பத்து இருபது அட்டை வேணும்ங்கறவங்களுக்கு, பசங்களோட உக்காந்து செய்யறவங்களுக்கு.

எனக்கு நாலுல இதுதான் புடிச்சது, ஏன்னு சொல்றேன். நிறைய பேர் துண்டை நேரா அட்டை மேல ஒட்டிடறாங்க, அதுல ஓரம் தூக்கும், கோந்து வழியும், பாக்க ஸ்கூல் சார்ட் மாதிரி ஆயிடும். அதுக்குப் பதிலா ஒரு பக்கம் அச்சடிச்ச பழைய ஜெராக்ஸ் தாளை எடுத்துக்கங்க, அது மேல துண்டுங்களை ஒண்ணோட ஓரம் ஒண்ணு லேசா ஏறற மாதிரி வரிசையா ஒட்டிக்கிட்டே போங்க, கிழிச்ச துணிங்களைச் சேத்துத் தைச்ச போர்வை மாதிரி ஒரு முழு ஷீட் கெடைக்கும். அது நல்லா காஞ்சதும் அட்டையோட முன்பக்கத்துல பொங்கப் பானையோ நட்சத்திரமோ பிறையோ ஏதாவது ஒரு உருவத்தை ஓட்டையா வெட்டிட்டு, பின்பக்கமா இந்த ஷீட்டை வச்சு ஒட்டுங்க. வெளிய பாக்கறப்போ உருவம் முழுக்க கோடு கோடா கலர் தெரியும், ஓரம் எல்லாம் சுத்தமா இருக்கும், மேல எதுவும் தூக்கிட்டு நிக்காது. பசங்க கோணல் மாணலா ஒட்டினாலும் ஓட்டை வழியா பாக்கறப்போ அந்தக் கோணலே அழகா தெரியுது, அஞ்சு வயசு பாப்பா பண்ணதையும் அப்பா பண்ணதையும் பிரிச்சு சொல்ல முடியாது. ஒரு ஷீட்டுலேருந்து நாலஞ்சு அட்டை வரும்.

கலர் விஷயத்துல கண்டிப்பா இருங்க. ஒரு ஷீட்டுக்கு மூணு கலருக்கு மேல வேணாம். பையில இருக்கற எல்லாத்தையும் ஒரே ஷீட்ல போட்டா கண்ணு எதுலயும் நிக்காது. மஞ்சள் பச்சை செம்மண் கலர் சேத்தா பொங்கலுக்குன்னு எழுதாமலே தெரியும். சார்ட் பேப்பர்ல சிலது மேலதான் கலர், உள்ள வெள்ளையா இருக்கும், அதைக் கத்திரியால வெட்டாம கையால கிழிச்சா ஓரத்துல ஒரு வெள்ளைக் கோடு வரும், கிறிஸ்துமஸ் அட்டைக்கு பனி மாதிரி அது ரொம்ப பொருந்தும்.

இதுல மறைஞ்சிருக்கற செலவு கோந்துதான். தண்ணியா இருக்கற வெள்ளைக் கோந்தை தாராளமா தடவினா பேப்பர் ஒரு பக்கம் ஊறி விரியும், காஞ்சதும் அட்டை வளைஞ்சு நிக்கும். மெல்லிசு பேப்பருக்கு க்ளூ ஸ்டிக் போதும், அதுவும் பத்து அட்டை பண்றதுக்குள்ள பாதி கரைஞ்சு போயிடும், இதைக் கணக்குல வச்சுக்கங்க. ஒட்டினதும் பட்டர் பேப்பரை மேலயும் கீழயும் வச்சு நாலு கனமான புஸ்தகத்தை ஏத்தி ராத்திரி முழுக்க விட்டுடுங்க. மடிக்கறப்போ இன்னொண்ணு, எந்தத் தாளுக்கும் நார் ஓடற திசைன்னு ஒண்ணு இருக்கு, வளைச்சுப் பாத்தா ஒரு பக்கம் சுலபமா வளையும், இன்னொரு பக்கம் முறைக்கும். சுலபமா வளையற பக்கமே மடிப்பு வர்ற மாதிரி வெட்டுங்க, இங்க் தீந்த ரீஃபிலால ஸ்கேல் வச்சு ஒரு கோடு அழுத்திட்டு மடிச்சா வெடிக்காது.

2. சுருட்டற வழி, அதாவது க்வில்லிங்

இது யாருக்கு: ஒரே ஒரு ஆளுக்கு, கையில குடுக்கப் போற அட்டைக்கு.

பாக்க ரொம்ப அழகு, அதுல சந்தேகமே இல்ல. அப்பா அம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்கோ, பத்தாவது படிக்கறப்போ பாடம் எடுத்த டீச்சர் ரிட்டயர் ஆகறப்போவோ குடுக்கணும்னா வேற எதுவும் இதுக்கு ஈடாகாது, வாங்கறவங்க அதைத் தூக்கிப் போடவே மாட்டாங்க, ஷோகேஸ்ல வச்சுடுவாங்க.

ஆனா மீந்த பேப்பருக்கு இது நல்ல வழியான்னா நான் இல்லன்னுதான் சொல்லுவேன். சுருட்டற ஸ்ட்ரிப் 3 மில்லிமீட்டரோ 5 மில்லிமீட்டரோ ஒரே அகலத்துல இருக்கணும், கத்திரியால அது வராது, ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் வச்சு ஒவ்வொண்ணா கீறணும், கண்ணும் கழுத்தும் வலிக்கும். துண்டு சின்னதா இருந்தா நுனியோட நுனி ஒட்டி நீளமாக்கலாம், ஆனா ஒட்டு வந்த எடத்துல சுருள் ஒரு சின்ன முடிச்சு மாதிரி தடிக்கும். கனமான சார்ட்டை நாருக்கு எதிரா சுருட்டினா விரிசல் விடும். இதெல்லாம் வேணாம்னு ரெடிமேட் ஸ்ட்ரிப் பாக்கெட் வாங்கினீங்கன்னா, நான் முதல்ல சொன்னதுதான், பழைய பை அப்படியே இருக்கும்.

சாமான் மட்டும் வாங்கத் தேவையில்ல. ஊதுபத்தி எரிஞ்சு முடிஞ்ச குச்சியோட நுனியை ப்ளேடால லேசா பிளந்தா பேப்பரைக் கவ்வி சுத்தறதுக்கு அதுவே போதும்.

நேரக் கணக்கு: கை பழகாதவங்களுக்கு ஒரு சின்ன பூவுக்கே பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடிடும், ஒரு அட்டைக்கு ஒரு சாயங்காலம் போகும். தபால்ல போடவே போடாதீங்க. சுருள் தூக்கிட்டு நிக்கும், கட்டுக்கட்டா அடுக்கறப்போவும் முத்திரை குத்தறப்போவும் நசுங்கிடும். போட்டே ஆகணும்னா டப்பாவுல வச்சு பார்சலா அனுப்பணும், அப்போ அட்டையை விட அனுப்பற செலவு பல மடங்கு.

3. பஞ்ச் பண்ற வழி

இது யாருக்கு: பெரிய துண்டு இருக்கறவங்களுக்கு, ஏற்கனவே பஞ்ச் வச்சிருக்கறவங்களுக்கு.

பூ, பட்டாம்பூச்சி, இதயம்னு டிசைன் பஞ்ச் கடையில அடுக்கி வச்சிருப்பாங்க, பாத்தா நாலு வாங்கத் தோணும். ஒவ்வொண்ணும் ஒரே ஒரு உருவம்தான் போடும், மூணு அட்டைக்கு அப்புறம் அதே பட்டாம்பூச்சி சலிச்சுப் போயிடும். துண்டு பஞ்சோட வாயை விட பெருசா இருந்தாதான் முழு உருவம் வரும், சுத்தி மீந்தது மறுபடியும் துண்டுதான். க்ளிட்டர் பேப்பரும் வெல்வெட் பேப்பரும் உள்ள சிக்கிக்கும். மொக்கையா போச்சுன்னா அலுமினியம் ஃபாயிலை நாலா மடிச்சு ரெண்டு மூணு தடவை பஞ்ச் பண்ணுங்க, கொஞ்சம் கூர் வரும்.

ஆனா எல்லார் வீட்லயும் ஒரு பஞ்ச் சும்மாவே இருக்கு, ஃபைல்ல ஓட்டை போடற பஞ்ச். அதுல விழற 6 மில்லிமீட்டர் வட்டம்தான் அச்சு அசல் கோலப்புள்ளி. நகம் சைஸ் பொடித் துண்டு கூட இதுக்குப் போதும். கறுப்போ செம்மண் கலரோ அடித்தளம் எடுத்து, வெள்ளைப் புள்ளியை அஞ்சுக்கு அஞ்சு வரிசையா ஒட்டி, வெள்ளை ஜெல் பேனாவால சிக்குக் கோலம் இழுத்து விடுங்க. மார்கழியில வாசல்ல போடற கோலம் அப்படியே அட்டைக்கு வந்துடும். வீட்ல பாட்டி இருந்தா புள்ளி வச்சு குடுத்துட்டு இழுக்கச் சொல்லுங்க, கணக்கு தப்பாம இழுத்துடுவாங்க. பேரப்பசங்க ஒட்ட, பாட்டி இழுக்க, அந்த அட்டை வெளியூர்ல இருக்கற மாமாவுக்குப் போய்ச் சேந்தா அவரு எப்படிப் பாப்பாருன்னு நெனைச்சுப் பாருங்க. தட்டையா இருக்கும், கனம் சேராது, தபாலுக்கும் பிரச்சனை இல்ல. பஞ்ச்னு போனா நான் இதைத்தான் சொல்லுவேன், டிசைன் பஞ்ச் வாங்காதீங்க.

4. கூழாக்கற வழி

இது யாருக்கு: பொடிக் குவியல் மலை மாதிரி இருக்கறவங்களுக்கு, மாடியும் வெயிலும் பொறுமையும் இருக்கறவங்களுக்கு.

மத்த மூணும் பேப்பரை பேப்பராவே வச்சுப் பண்றது, இது அதைக் கரைச்சு வேற பேப்பரே பண்றது. பொடியா கிழிச்சு ராத்திரி முழுக்க ஊற வச்சு, ஒரு கைப்பிடி பேப்பருக்கு அரை ஜார் தண்ணி ஊத்தி மிக்ஸியில விட்டு விட்டு அரைங்க. அகலமான டப்புல தண்ணியோட கலந்துட்டு, எம்ப்ராய்டரி ரிங்குல கொசுவலையை இறுக்கிப் பூட்டி அதை உள்ள விட்டு நேரா தூக்குனா வலை மேல ஒரு படலம் நிக்கும். தண்ணி வடிஞ்சதும் பழைய வேட்டி மேல கவுத்து, பின்னாடி ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்தா ஈர ஷீட் துணியில ஒட்டிக்கும், காய வச்சு உரிச்சுக்கலாம்.

இங்கதான் மாசக் கணக்கு வருது. மே முதல் வாரத்துலேருந்து கடைசி வாரம் வரைக்கும் கத்திரி வெயில், நம்ம ஊர்ல 40 டிகிரியைத் தாண்டற நாளுங்க, காலையில போட்ட ஷீட் மத்தியானத்துக்குள்ள சுருக்குன்னு காஞ்சுடும். அதே வேலையை பொங்கலுக்குன்னு நவம்பர் டிசம்பர்ல ஆரம்பிச்சா, வடகிழக்கு மழையில ரெண்டு மூணு நாள் ஈரமாவே கெடந்து வாடை வர ஆரம்பிச்சுடும், பூஞ்சை கூட புடிக்கும். வெயில்லயும் நேரா போட்டா ஓரம் சுருண்டுக்கும், துணியோடவே நிழலாட்டம் இருக்கற எடத்துல காத்தோட்டமா காய வச்சு, முக்கால் காஞ்சதும் புஸ்தகத்துக்கு அடியில வச்சுடணும். அதனால கூழ் வழின்னா மே மாச லீவுல ஷீட் பண்ணி அடுக்கி வச்சுட்டு, டிசம்பர்ல அதை எடுத்து அட்டையாக்குங்க.

மறைஞ்சிருக்கற செலவு நாலுலயும் இதுக்குத்தான் ஜாஸ்தி. தண்ணி முதல்ல. நல்லா காயற மாசமும் நம்ம பக்கம் தண்ணிக்கு அல்லாடற மாசமும் ஒண்ணுதான், லாரித் தண்ணி வாங்கற தெருவுல டப்பு டப்பா தண்ணி ஊத்தி வெளையாடறது மனசுக்கே ஒப்பாது. ஒரே டப்பு தண்ணியில கூழை மட்டும் சேத்து சேத்து எல்லா ஷீட்டையும் எடுத்துடுங்க, தண்ணியை மாத்தவே வேணாம். முடிஞ்சதும் மீந்த கூழை வடிகட்டி உருண்டை புடிச்சு காய வச்சுடுங்க, அடுத்த தடவை ஊற வச்சுக்கலாம். சிங்க்ல மட்டும் ஊத்திடாதீங்க, குழாய்ல போயி கெட்டிச்சு அடைச்சுக்கும், ப்ளம்பர் வர்ற காசுக்கு நூறு அட்டை வாங்கிடலாம். மிக்ஸிக்கும் பழைய ஜாரை தனியா ஒதுக்குங்க, சாயம் இருக்கற பேப்பரை அரைச்ச ஜார்ல திரும்ப சட்னி அரைக்கக் கூடாது, கெட்டியா போட்டு ஓட்டினா மோட்டார் சூடாயிடும்.

எல்லா பேப்பரும் கூழுக்கு ஆகாது. க்ளிட்டர், ஃபாயில், மேல பிளாஸ்டிக் ஒட்டின பத்திரிகை மூணும் கரையாது, எடுத்துடுங்க. நியூஸ் பேப்பர் கலந்தா சாம்பல் கலர் வரும், போகப் போக மஞ்சளாயிடும். எல்லா கலரையும் ஒண்ணா போட்டா சேத்துத் தண்ணி கலர்தான் வரும், கலர் கலரா பிரிச்சு அரைச்சா மட்டும்தான் கண்ணுக்கு நல்லா இருக்கும். இன்னொண்ணு, வீட்ல பண்ண பேப்பர்ல இங்க் பரவும், ஜெல் பேனாவால எழுதினா எழுத்து ஊதிப் போயிடும். கூழ்ல கொஞ்சம் கஞ்சித் தண்ணி சேத்தா பரவறது குறையும், எழுதறதுக்கு பால் பாயிண்ட் பேனாவை எடுங்க.

இவ்ளோ சொல்லியும் இது வேணாம்னு சொல்ல எனக்கு மனசில்ல, ஏன்னா வேற எந்த வழியிலயும் பொடிக் குவியல் முழுசா தீராது. ஷீட் ஈரமா இருக்கறப்போவே சாமந்தி இதழையோ வேப்பிலைக் கொழுந்தையோ மேல வச்சு அழுத்திட்டீங்கன்னா காஞ்சதும் அதுவே டிசைன், வேற ஒண்ணும் ஒட்ட வேணாம்.

யாருக்குக் குடுக்கறீங்கன்னு பாத்து

பொங்கலுக்கு சொந்தக்காரங்க இருபது பேருக்குன்னா துண்டு ஒட்டற வழி, இல்லன்னா கோலப்புள்ளி. சர்ச்ல கிறிஸ்துமஸுக்குக் குடுக்கறதுக்கும் இதே ரெண்டுதான், நட்சத்திர ஓட்டை வெட்டி, முதல் நாளே ஒட்டிக் காய வச்ச சிவப்பு பச்சை ஷீட்டை பின்னாடி வச்சா ஒரு மத்தியானத்துல ஒரு டஜன் முடிச்சுடலாம். ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் ரம்ஜானுக்கு அட்டை குடுக்கறவங்க பிறை வடிவ ஓட்டை வெட்டலாம். பெருநாள் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வந்துக்கிட்டே இருக்கறதால, வெயில் மாசத்துல வர்ற வருஷம் கூழ் பேப்பரும் அவங்களுக்குத் தோதா அமையும்.

ஆஸ்பத்திரியில இருக்கறவங்களுக்குன்னா தனியா யோசிக்கணும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குலேருந்து எல்லாம் வந்து லாட்ஜ்ல வாரக்கணக்கா தங்கி வைத்தியம் பாக்குறாங்க, பக்கத்து ரூம்ல பழகினவங்களுக்கு ஒரு அட்டை குடுக்கணும்னு தோணினா தமிழ்ல எழுதினா அவங்களுக்குப் புரியாது, படமே பேசணும். தட்டையா, உதிராம இருக்கணும். க்ளிட்டர் வேணவே வேணாம், படுக்கையெல்லாம் கொட்டும், கண்ணுல கையில ஒட்டும். காஞ்ச பூ ஒட்டின கூழ் அட்டையும் எடுத்துட்டுப் போகாதீங்க, பொடி உதிரும். ஓட்டை வெட்டி பின்னாடி ஷீட் வச்ச அட்டைதான் சரி, ஜன்னலோரம் நிமித்தி வைக்கறதுக்கு கொஞ்சம் கனமான அடித்தளமா எடுங்க.

கைக்கொழந்தை இருக்கற வீட்ல கட்டர் வேலை ஆகாது, அப்போ கையால கிழிச்சு ஒட்டறது மட்டும். வயசானவங்க தனியா இருக்கற வீட்ல, கண்ணு நல்லா தெரிஞ்சா க்வில்லிங் ஒரு நல்ல துணை, தினம் ஒரு பூ சுத்தி டப்பாவுல சேத்துட்டு வந்தா கொஞ்ச நாள்ல ஒரு அருமையான அட்டை ஆகும், அவசரமே இல்ல.

எந்த வழியா இருந்தாலும் முதல்ல ஒண்ணே ஒண்ணு முழுசா பண்ணி, கவருக்குள்ள போட்டு, மளிகைக் கடைத் தராசுல வச்சுப் பாத்துடுங்க, 20 கிராமுக்குள்ள நின்னா மீதியை ஆரம்பிக்கலாம். பைக்கு அடியில கடைசியா தங்கற க்ளிட்டர் துண்டும் லேமினேட் பண்ண துண்டும் எதுக்கும் உதவாது, அதை பழைய பேப்பர் கட்டோட சேக்காம குப்பை வண்டிக்குத் தனியா குடுத்துடுங்க.